உறுமியைப் பேடில் ஏற்றுவது எப்படி?

டீ ஆறுவதற்குள் இதைப் பார்த்துவிடலாம். கோவைப் பக்கம் நோம்பி (ஊர்த் திருவிழா) கச்சேரிகளில், மேடையின் ஓரத்தில் ஒருவர் ஒன்பது கட்டங்கள் கொண்ட ரப்பர் பலகையைக் குச்சியால் தட்டுவார். ஒரு கட்டத்தில் பம்பை கேட்கும், அடுத்ததில் சலங்கை. மேடையில் இரண்டுமே இருக்காது. எல்லோரும் 'பேட்' என்று சொல்லும் இந்தக் கருவிகளில் ரோலண்ட் நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எக்ஸ் பெயர்பெற்றது, 2011-இல் வந்தது. இது ஒரு சாம்பிளர்.

சாம்பிளரின் வேலை, முன்பே பதிந்த ஒலியைத் தட்டியதும் ஒலிக்கவிடுவது. சி.டி. தரத்தில் பதியும்போது நொடிக்கு 44,100 முறை ஒலி அலை அளக்கப்பட்டு எண்களாகிறது. அந்த எண்களை இரு மடங்கு வேகத்தில் படித்தால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒலி பாதி நேரத்தில் முடிந்தும்விடும்.

சலங்கைக்கு இப்படி ஒரே ஒரு பதிவு போதும். உறுமிக்குப் போதாது. இருமுகத் தோல் மேளமான உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியைத் தேய்ப்பார்கள். கை அழுத்தம் மாற மாற உறுமல் நீளும், ஏறும், இறங்கும். பேடில் ஒரே ஓர் உறுமலை ஏற்றிவிட்டுத் திரும்பத் திரும்பத் தட்டினால், சீக்கிரமே அது பதிவு என்று காது கண்டுபிடித்துவிடும்.

அதனால் குட்டை, நெட்டை, ஏறுவது, இறங்குவது என உறுமல்களைத் தனித்தனியே பதிந்து வெவ்வேறு கட்டங்களில் வையுங்கள். அடிகளுக்கு, ஒரே கட்டத்தில் மெல்லத் தட்டினால் ஒன்று, ஓங்கித் தட்டினால் வேறொன்று என்று அமைக்கலாம். புதிய உறுமல் தொடங்கியதும் பழையது நிற்கும்படியும் செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை முழுக்க வெட்டிவிட வேண்டும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு மிஞ்சினாலும் வேகமான தாளத்தில் அடி பின்தங்கும்.

இவ்வளவுக்கும் நல்ல உறுமிக்காரர் ஒருவர் பொறுமையாக வாசித்துத் தர வேண்டும். அவருடைய ஒரு நாள் வாசிப்பு பல வருடங்கள், பல மேடைகளில் ஒலிக்கப்போகிறது. அதை மனதில் வைத்துச் சம்பளம் பேசுங்கள். எங்கெல்லாம் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். மேடையில் அவர் பெயரையும் சொல்லுங்கள். அதே ஊரில் உறுமி மேளக் குழு இருந்தால், இரண்டு பாட்டுக்காவது அவர்களையே மேடையேற்றுங்கள்.