சிறகின் உள்ளே ஓர் உத்தரம்

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டியில் ஏறி அமர்கிறோம். வழியில் பழுது நேர்ந்தால் ஓட்டுநர் சாலையோரம் நிறுத்துவார், நாமும் இறங்கிவிடலாம். வானில் செல்வோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அதிலும், பொறியின்றிக் காற்றிலே மிதந்து செல்லும் கிளைடர் விமானத்திற்குச் சிறகுகளே உயிர்.

செக்கோஸ்லோவாகியாவில் உருவாகி, 1956-இல் முதன்முதல் பறந்த உலோகக் கிளைடர் 'பிளானிக் எல்-13'. பல நாட்டு மாணவர் இதிலே பறக்கக் கற்றனர். 2010 ஜூன் 12 அன்று ஆஸ்திரியாவில் அவ்வகை விமானம் ஒன்றின் வலச்சிறகு நடுவானில் முறிந்தது, இருவர் மாண்டனர். சிறகின் உள்ளே ஓடி அதனைத் தாங்கும் உத்தரம், அடிப்பகுதியின் அருகே ஒடிந்திருந்தது. கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிகிறதன்றோ? அவ்வாறே ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்கும் சுமையால் உலோகம் களைத்து, மயிரிழைபோல் வெடிப்புறும். தகட்டின் மறைவில் தோன்றும் வெடிப்பு, வெளியே நின்று நோக்குவோர்க்குப் புலப்படுவதில்லை.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவ்வாண்டே இவ்வகைக் கிளைடர்கள் பறப்பதைத் தடை செய்தது. பின்னர் ஒப்புதல் பெற்ற திருத்தத்தைச் செய்துகொண்டவை மட்டுமே மீண்டும் பறக்க இசைவு பெற்றன.

நம் நாட்டில் இத்தகைய கட்டாயத் திருத்தங்களைக் கண்காணிப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். இவற்றை உரிமையாளரின் விருப்பத்திற்கு விடாதது ஏன்? ஒரு விமானத்தில் கண்ட குறை, அதே அமைப்பில் பிறந்த பிறவற்றிலும் மறைந்திருக்கலாம். ஓரிடத்தில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம், எங்கும் உயிர் காக்க உதவுதல் வேண்டும். இதுவே அவ்வாணையின் நோக்கம்.