இடிந்த சமாதிகளும் இடியாத பந்தமும்

மாலி தேசத்தில், ஸஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் டிம்பக்டு என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. 333 அவ்லியாக்களின் நகரமென்று அதற்குப் பெயர். அம்மகான்களின் மண் சமாதிகள் ஊரைச் சுற்றிக் காவல் நிற்பதாக அங்குள்ள ஜனங்கள் நம்புகிறார்கள். 2012-ம் வருஷம் அந்நகரைக் கைப்பற்றிய ஆயுதக் கூட்டத்தார், கோடரியும் கடப்பாறையும் கொண்டு 14 சமாதிகளை இடித்துத் தள்ளினார்கள். கபுறை நாடிப் பிரார்த்திப்பது இறைவனுக்கு இணை வைப்பதாகும் என்பது அவர்கள் கூறிய காரணம்.

இந்தத் தர்க்கம் இஸ்லாத்தில் புதிதன்று. ஜியாரத்துக்குச் செல்லும் ஸூபியோ, தாம் வணங்குவது இறைவன் ஒருவனையே என்கிறார். குருவிடமிருந்து சீடனுக்கு இறங்கிவரும் ஸில்ஸிலா என்னும் சங்கிலியில், மரணம் ஒரு கண்ணியையும் அறுப்பதில்லை என்பது அவரது கொள்கை. இவ்விவாதத்தில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. மறுப்பவர் பிரசங்கம் செய்யலாம், நூல் எழுதலாம், ஜியாரத்துக்குப் போகாமலும் இருக்கலாம். பிறருடைய மூதாதையரின் கபுறின்மேல் கோடரியை ஓங்க அவருக்கு ஏது பாத்தியதை?

ஹேக் நகரிலுள்ள ஸர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் இதையே கேட்டது. பத்துக் கட்டடங்களைத் தாக்கிய யுத்தக் குற்றத்துக்காக அஹ்மத் அல் பகீ அல் மஹ்தி என்பவருக்கு 2016-ல் 9 வருஷச் சிறைவாசம் விதித்தது. 2021-ல் அதில் 2 வருஷம் குறைக்கப்பட்டது. 2017-ல் பிறந்த நஷ்டஈட்டுத் தீர்ப்பே நம் கவனத்துக்கு மிகவும் உரியது. 27 லட்சம் யூரோ ஈடு கொடுக்க உத்தரவிட்ட நீதிபதிகள், முன்னோரின் சமாதி சேதமுற்றதால் சந்ததியார் அடைந்த மனவேதனையையும் தனியே ஈடு பெறத்தக்க நஷ்டமென்று ஒப்புக்கொண்டார்கள். இறந்தவரோடு இருப்பவருக்குள்ள பந்தம் வெறும் மனமயக்கமன்று, சட்டம் காக்க வேண்டிய உடைமை என்பது இதனால் ஸ்தாபிதமாயிற்று.

மனித உயிர்கள் மாண்டுகொண்டிருந்த தேசத்தில் மண்சுவருக்கு ஒரு வழக்கா என்று சிலர் கேட்கக்கூடும். உயிரைக் காப்பது முதற்கடமையென்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஜனசமூகத்தை அடிமைப்படுத்த விரும்புவோர் அதன் ஞாபகத்தின்மீதும் கை வைக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

டிம்பக்டுவாசிகள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 2014-ல் வேலை துவங்கிற்று. உள்ளூர்க் கொத்தர்கள், பெரியோர்களின் ஞாபகத்தையும் பழைய படங்களையும் துணைக்கொண்டு, 2015 ஜூலைக்குள் 14 சமாதிகளையும் திரும்ப எழுப்பினார்கள். மழையில் கரையும் மண்சுவரைத் தலைமுறைதோறும் சந்ததியார் பூசிவர வேண்டும். அப்படிப் பூசுகிற கையிலேதான் முன்னோர் வாழ்கிறார்கள். நமது முன்னோரைப் போற்றுகிற நாம், அயலாரின் முன்னோர் துயிலும் இடத்தையும் அவ்வாறே மதிப்போமாக.