பாட்டுக்கும் உண்டு பதிவு எண்!

எண்ணூர் நெட்டுக்குப்பத்துக் கரையில் நிற்கும் மீன்பிடிப் படகுகளைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? பக்கவாட்டில் 'ஐ.என்.டி., டி.என்.' எனத் தொடங்கி ஒரு பதிவு எண் எழுதியிருக்கும். நடுக்கடலில் பார்த்தாலும் எந்த ஊர்ப் படகு, யாருடையது என்று கண்டுபிடித்து விடலாம்.

ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கும் இப்படி ஓர் எண் உண்டு! அதன் பெயர் ஐ.எஸ்.ஆர்.சி. 1986ல் உலகத் தர நிர்ணய அமைப்பு கொண்டுவந்தது. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள். முதல் ஐந்து இடங்கள், எண்ணைக் கொடுத்தவர் யார் என்று காட்டும். அடுத்த இரண்டு, ஆண்டு. கடைசி ஐந்து, வரிசை எண். ஆண்டு என்றதும் பாடிய ஆண்டு என்று நினைத்து விடாதீர்கள். எண் கொடுத்த ஆண்டு அது! தாத்தா காலத்து இசைத்தட்டுப் பாட்டுக்கு 2005ல் எண் கொடுத்திருந்தால், '05' என்றுதான் இருக்கும்.

சரி, இந்த எண் பாட்டுக்கா, பதிவுக்கா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எண்ணூர்க் கழிமுகம் கெட்டுப்போவதைப் பற்றி கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்கு பாடல்' தெரியுமா? 2017ல் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளிவந்தது. அதே பாட்டை, முறைப்படி அனுமதி வாங்கி, நீங்கள் பாடிப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு ஒன்றுதான், பதிவு இரண்டு. எனவே உங்கள் குரலுக்குத் தனி எண்! அதை சி.டி.யில் போட்டாலும், செல்போனில் கேட்டாலும், வேறொருவருக்கு விற்றே விட்டாலும் எண் மாறாது. ஆனால், ரீமிக்ஸ் செய்தால் புது எண் வேண்டும்.

எதற்கு இத்தனை பாடு? இணையத்தில் பாட்டு ஓடும்போது, உரியவருக்குச் சிறு தொகை போய்ச்சேர வேண்டும். ஒரே தலைப்பில் எத்தனையோ கானா பாட்டுகள் இருக்கும். பாடியவர் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். குப்பத்து அண்ணன் பாடிய பாட்டுக்கான காசு, இன்னொருவர் கணக்கில் போய்விட்டால்? எண் இருந்தால் அந்தக் குழப்பம் குறையும். ஆனால், எண் இருப்பதாலேயே பாட்டு ஒருவருக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. அதற்கு ஒப்பந்தம் போன்ற வேறு சான்றுகள் வேண்டும்.

சி.டி. உறையில் உள்ள கோடு கோடான பட்டையும் இதுவும் ஒன்றல்ல. பட்டை, மொத்த சி.டி.க்கும் ஒன்று. இதுவோ ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி. பாட்டுக் கோப்புக்குள்ளேயும் இதை எழுதி வைக்கலாம், காதுக்குக் கேட்காது. அதனால், டீக்கடை ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை உங்கள் செல்போனில் பதிவு செய்தால், பாட்டு வரும்; எண் கூடவே வராது!