வயிற்றுக்குள் ஓர் அபூர்வக் கட்டி



"வாயுதாங்க, கஷாயம் குடிச்சா சரியாப் போயிடும்" என்று ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் மலம் தார் போலக் கறுத்து, ஆளும் சோகை பிடித்து வெளுத்தால் அது வாயு அல்ல. உள்ளே ரத்தம் கசிகிறது. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.) தலைசுற்றலும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்களின் சோகைக்கு மாதவிலக்கின் மேல் பழி போடுகிறோம். ஆம்பளைக்கு அப்படிச் சொல்ல வழியில்லையே!

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் குடற்புண். அபூர்வமாக, இரைப்பை அல்லது சிறுகுடல் சுவருக்குள் வளரும் 'ஜிஸ்ட்' கட்டியாகவும் இருக்கலாம். வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தாலும் சில சமயம் பிடிபடாது, ஸ்கேன் வேண்டும். சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

முதல் சிகிச்சை ஆபரேஷன். கட்டி பரவியிருந்தாலும், திரும்ப வரும் அபாயம் இருந்தாலும் பலருக்கு இமாட்டினிப் மாத்திரை தருவார்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரை ஒரு காலத்தில் மாதம் லட்ச ரூபாய்க்கு மேல். அதன் புது வடிவத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் தனியுரிமை மறுத்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. நம் நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது.

"நல்லாயிட்டேன்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடும் மனைவி கர்ப்பம் தரிக்கக் கூடாது, சிசுவுக்குக் கேடு. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் நிரோத்தோ காப்பர்-டியோ அவசியம். தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது.

ஆவடி, அம்பத்தூரில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை. ரேஷன் கார்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். இருவருமாகப் போங்கள்.