வேகாத பருப்பும் பல்லாவரத்துப் பாறையும்

குழாயடிக் கதைகள் – 9

கீசரைக் கழற்றி, காயிலை வெளியே இழுத்து, ஸ்குரூ டிரைவரால் ஒரு தட்டு தட்டினார் எலக்ட்ரீஷியன். தரையில் விரித்திருந்த பேப்பரில் வெள்ளைச் சில்லுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. “ரெண்டு வருசத்து உப்பு சார். புதுக் காயில் போட்டாலும் இந்தத் தண்ணிக்கு இன்னொரு ரெண்டு வருசம்தான்” என்றார்.

அவர் போன பிறகு ஒரு சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவே இல்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு அரை மூடி எலுமிச்சை பிழிந்ததும் நுரை பொங்கியது. ஊரே உப்பு என்று சொல்கிற அந்தப் பொருளில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல், அதாவது கால்சியம் கார்பனேட்.

கல் எப்படிக் கீசருக்குள் வந்தது? பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பூமிக்கு அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற பாறை. பெயருக்கே ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பாறையில் செதுக்கியது. அதைப் பார்த்துத்தான் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை வெடிப்புகளில் தங்கித் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அதைத்தான் நாம் போர் போட்டு உறிஞ்சுகிறோம். சூடுபட்டால் வாயு வெளியேறுகிறது, கரைந்த கல் மறுபடி கல்லாகிக் காயிலில் ஒட்டுகிறது.

எவ்வளவு கல்? குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் தண்ணீரில் 500 என்று வையுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அந்தக் கணக்கில் தினமும் 270 கிராம் கல் குழாய் வழியே வருகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கிலோ, இரண்டு மூட்டை சிமென்ட் எடை! பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடும். போகாமல் தங்குவதுதான் நம் செலவு.

ஆனால் அந்தச் செலவுக்குத் தண்ணீரின் பெயரில் பில் வருவதில்லை. பழி வேறு யார் மேலாவது விழுகிறது. பருப்பு வேகாவிட்டால் மளிகைக்கடைக்காரரைத் திட்டுகிறோம். உண்மையில், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் அது குழைய மறுக்கிறது. சோப்பு நுரைக்காவிட்டால் சோப்பு மட்டம் என்கிறோம். நுரைக்க வேண்டிய சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, பக்கெட் ஓரத்தில் பிசுக்காக ஒட்டுகிறது. அதே பிசுக்கு துண்டில் தங்கி முரடாக்குகிறது. முடியில் தங்கிச் சிக்காக்குகிறது. ஷவரின் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் பிளம்பர் ஏமாற்றிவிட்டார் என்கிறோம்.

ஒரு பயத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். கீசரில் கல் சேர்ந்தால் கிட்னியிலும் சேருமே என்று பலர் கேட்கிறார்கள். கீசர் கல் கார்பனேட். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். இரண்டும் உருவாகும் வழி வேறு. கடின நீருக்கு உடல்நலத்தை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் எந்த உச்ச வரம்பும் வைக்கவில்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்கு வாசல் திறந்துவிடும்.

சாஃப்ட்னர் விற்க வருபவர் டி.டி.எஸ் மீட்டரை நீட்டிப் பயமுறுத்தினால் அவசரப்படாதீர்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதனால் பொருத்திய பிறகும் மீட்டர் எண் பெரிதாக இறங்காது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பாட்டிலில் பாதித் தண்ணீர், கொஞ்சம் குளியல் சோப்புச் சீவல், நன்றாக ஒரு குலுக்கு. நுரைக்காமல் தயிர்போலத் திரிந்தால் கடின நீர். அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிந்ததை மட்டும் எடுத்துக் குலுக்குங்கள். இப்போது நன்றாக நுரைத்தால் அது கொதிக்கவைத்தால் போகிற தற்காலிகக் கடினம். அப்போதும் நுரைக்காவிட்டால் நிரந்தரக் கடினம். குழாய்க் கறைக்கு எலுமிச்சையோ வினிகரோ போதும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் மட்டும் எந்த அமிலத்தையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

இத்தனையும் படித்துவிட்டு அம்மாவிடம் விளக்கப்போனேன். “இதுக்கா இவ்வளவு? பருப்புக்கு நல்ல தண்ணி, பாத்திரத்துக்கு உப்புத் தண்ணின்னு ரெண்டு குடம் வெச்சிருந்தோமே!” என்றார். அந்த இரண்டு குடத்தையும்தான் அடுக்குமாடியின் சம்ப் ஒன்றாக்கிவிட்டது. மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் அதில் விழுந்து கலந்து, ஒரே குழாயில் ஒரே தண்ணீராக மேலே வருகிறது. பாத்திரம் கழுவப் போதுமான தண்ணீரில் பருப்பையும் வேகவைக்கிறோம். பருப்பு வேகவைக்க வேண்டிய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுகிறோம்.

போன மாதம் எங்கள் குடியிருப்பில், சம்ப்புக்குப் போகும் மெட்ரோ லைனில் இடையே ஒரு குழாய் வைத்தோம். காலையில் தண்ணீர் வரும் ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஒரு குடம். இப்போது பருப்பு மூன்று விசிலில் குழைகிறது. மளிகைக்கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

(அடுத்த வாரம்: மூடி சீல் வைத்த கேன் தண்ணீர்)