மனத்தை நிறுக்கும் வினாக்கள்

எண்ணூர் நெடுஞ்சாலை வழியாகத் துறைமுகத்தை நோக்கிச் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் ஓர் எண் தோன்றுகிறது. அந்த எண்ணை எல்லாரும் நம்புகிறார்கள். ஏன்? தெரிந்த எடைகளை வைத்துச் சோதித்து, அரசு ஆய்வாளர் முத்திரையிட்ட மேடை அது.

மனத்தின் துயரை அளக்க மருத்துவர்களிடமும் ஒருவகை எடைமேடை உண்டு. அதுதான் வினாப்பட்டியல். ‘எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறீர்களா?’ என்பது போன்ற வினாக்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால், அவரை மனநல மருத்துவர் நேரில் ஆராய வேண்டும் என்று பொருள். பரவலாகப் பயன்படும் பட்டியல்களுள் பல ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதுமா?

‘சோர்வு’ செய்யும் குழப்பம்

ராயபுரத்தில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இதை எம்.எஸ். என்பர். மின்கம்பியின் மேலுறை போல நம் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இவ்வுறையைத் தாக்கி அழிப்பதுதான் இந்நோய். கால் மரத்துப் போகும், பார்வை மங்கும், கடும் களைப்பு வரும். உடல் சூடேறினால் தொல்லை கூடும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே, ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாகத் தோன்றுகிறது. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கும் ஆளாகின்றனர்.

சித்திரை வெயிலில் மருத்துவமனைக்கு வந்த அவரிடம், “சோர்வாக இருக்கிறதா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “ஆமாம்” என்பார். அது உடலின் களைப்பா, மனத்தின் தளர்ச்சியா? தமிழில் ‘சோர்வு’ என்ற சொல் இரண்டையும் குறிக்கும். “தூக்கம் கெடுகிறதா? நடை மெதுவாகிவிட்டதா?” என்று கேட்டாலும் “ஆமாம்”தான். மனம் தெளிவாக இருந்தும் மதிப்பெண் ஏறிவிடும். தேவையற்ற மாத்திரை கைக்கு வரலாம். மாறாக, எல்லாம் எம்.எஸ். நோயின் களைப்பே என்று ஒதுக்கிவிட்டால், உயிரையே மாய்த்துக்கொள்ளத் தூண்டும் மனச்சோர்வுகூடக் கண்ணில் படாமல் போய்விடும். காலி வண்டியின் எடையைக் கழிக்காமல் சரக்கின் எடையை எப்படி அறிவது?

இந்தச் சிக்கலை உணர்ந்தே, 1983இல் ஸிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இரு மருத்துவர்கள் மருத்துவமனை நோயாளிகளுக்கென 14 வினாக்கள் கொண்ட பட்டியலை அமைத்தார்கள். களைப்பு, தூக்கமின்மை போன்ற உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கினார்கள். ஆனால் அதிலும் மொழிச்சிக்கல் உண்டு. அச்சத்தைக் குறிக்க, வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பது போன்ற உணர்வு என்னும் ஆங்கில வழக்கு அதில் வருகிறது. அப்படியே தமிழில் கேட்டால் நம் தையற்கார அம்மாள் சிரித்துவிடுவார். ‘வயிற்றில் புளியைக் கரைப்பது போல் இருக்கிறதா?’ என்றால் உடனே புரியும்.

முத்திரையிடுவது எப்படி?

முதலில் இருவர் தனித்தனியே தமிழாக்குவார்கள். ஒப்பிட்டு ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். பொருள் மாறிய இடங்கள் அப்போது வெளிப்படும். அடுத்து நோயாளிகள் சிலரிடம் கொடுத்து, “இந்த வினாவை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்பார்கள்.

பிறகு இரண்டு சோதனைகள். நிலைமை மாறாதிருக்கும் ஒருவரிடம் சில நாட்கள் கழித்துக் கேட்டாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருகிறதா? இது நம்பகம். பட்டியல் காட்டுவதும், மனநல மருத்துவர் நேரில் பேசி அறிவதும் பொருந்துகின்றனவா? இது ஏற்புடைமை. 100 நோயாளிகளில் 30 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார் என்போம். பட்டியல் அவர்களில் 27 பேரைப் பிடித்து, மற்ற 70 பேரில் 7 பேரை மட்டும் தவறாகக் காட்டினால் அது நல்ல பட்டியல். 15 பேரைத்தான் பிடிக்கிறது என்றால், வினாக்களையோ எல்லை மதிப்பெண்ணையோ திருத்த வேண்டும்.

சென்னையில் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. நீரிழிவு பற்றிய ‘க்யூர்ஸ்’ ஆய்வுக் குழுவினர், 9 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை 12 வினாக்களாக மாற்றியமைத்து, அதன் நம்பகத்தையும் ஏற்புடைமையையும் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். அதைக் கொண்டு நகரில் 25,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, 100க்கு ஏறத்தாழ 15 பேருக்கு மனச்சோர்வு தெரிந்தது. களைப்பு இருப்பதாகச் சொன்னவர்களோ 100க்கு 30 பேர்! களைப்பு வேறு, மனச்சோர்வு வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் பொதுமக்களிடம் சோதித்த பட்டியலை எம்.எஸ். நோயாளியிடம் அப்படியே நம்பிவிட முடியாது. லாரிக்கு முத்திரையிட்ட மேடையில் தங்கத்தை நிறுக்கலாமா? அதே 2009இல் கனடாவில், ஸிக்மண்ட்–ஸ்னெய்த் பட்டியலை 180 எம்.எஸ். நோயாளிகளிடமே சோதித்தார்கள். மனச்சோர்வுப் பகுதியில் 8 மதிப்பெண்ணை எல்லையாகக் கொண்டால், கடும் மனச்சோர்வு உள்ள 100 பேரில் 90 பேரை அது கண்டுபிடிக்கும் என்று தெரிந்தது. அந்த எண் ஆங்கில வினாக்களுக்கு உரியது. தமிழ் வினாக்களுக்கு எது எல்லை என்பதைத் தமிழ் பேசும் நோயாளிகளிடமே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

நாளை உங்கள் கையிலோ உங்கள் உறவினர் கையிலோ இத்தகைய தாள் வந்தால், புரியாத வினாவுக்குக் குத்துமதிப்பாகக் குறியிடாதீர்கள். “உடம்புக் களைப்பைக் கேட்கிறீர்களா, மனத்தைக் கேட்கிறீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். மதிப்பெண் எதுவானாலும், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எந்த எடைமேடைக்காகவும் காத்திருக்க வேண்டிய செய்தி அல்ல அது.