புக்கிட் பிரவுன்: வாரிசுகள் விட்ட இடத்தில்

1870களில் ஹொக்கியன் சீன வணிகர்கள் மூவர் சேர்ந்து சிங்கப்பூரில் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட மேட்டு நிலத்தை வாங்கினார்கள். மூவருக்கும் குடும்பப்பெயர் ஓங். அந்தப் பெயர் கொண்ட குலத்தாரின் இடுகாடாக அது இருந்தது. 1919இல் நகராட்சி நிலத்தை எடுத்துக்கொண்டு, 1922 ஜனவரி 1 அன்று சீனர் அனைவருக்குமான பொது இடுகாடாகத் திறந்தது. அந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருந்த ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற வணிகரின் பெயரால் புக்கிட் பிரவுன் என்று அது நிலைத்தது. 1973இல் இடம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 1,00,000 கல்லறைகள் அங்கே இருந்தன.

அன்று ஒரு கல்லறையைக் காப்பது குடும்பத்தின் வேலை. ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங் நாளையொட்டி பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, மங்கிய எழுத்துக்கு வண்ணம் தீட்டிப் படையல் வைப்பார்கள். மற்ற நாள்களில் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் இருந்தது. யார் எங்கே கிடக்கிறார் என்று யாரும் ஏட்டைப் புரட்டித் தேடவில்லை. அப்பா கூட்டிப்போன வழியில் மகன் போனான்.

அந்த வழி இரண்டு தலைமுறையில் மறந்துபோனது. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த பேரனுக்குத் தாத்தாவின் கல்லில் இருந்த சீன எழுத்து புரியவில்லை. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, உறவுகள் தீவெங்கும் பிரிந்தன, குன்றில் காடு ஏறியது. ஓங் சாம் லியோங்கின் கல்லறையே இதற்குச் சாட்சி. 1918இல் இறந்த இவர், கிறிஸ்மஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்பிச் செல்வந்தரானவர். சுமார் 600 சதுர மீட்டர் பரப்புள்ள அவருடைய கல்லறை அந்த இடுகாட்டிலேயே ஆகப் பெரியது. அத்தனை பெரிய கட்டுமானத்தையே புதர் மூடிவிட்டது. 2006இல் பழைய கல்லறைகளைத் தேடித் திரிந்த சகோதரர்கள் இருவர்தான் அதை மீண்டும் கண்டெடுத்தார்கள்.

2011 செப்டம்பரில் இடுகாட்டின் குறுக்கே எட்டுத் தடச் சாலை வரப்போகிறது என்று அரசு அறிவித்தது. தோண்டியெடுக்க வேண்டிய கல்லறைகள் சுமார் 5,000 என்றார்கள். மறு ஆண்டு மார்ச்சில் அந்தக் கணக்கு 3,746 ஆயிற்று. மானிடவியலாளர் ஒருவர் தலைமையில் அந்தக் கல்லறைகளை ஆவணப்படுத்த அரசு ஏற்பாடு செய்தது. அதே வேளையில் சம்பளமோ பதவியோ இல்லாத ஒரு கூட்டமும் குன்றேறியது. ஆசிரியர், அலுவலர், ஓய்வுபெற்றவர் என்று பலதரப்பட்டவர்கள். 'ஆல் திங்ஸ் புக்கிட் பிரவுன்' என்ற பெயரில் திரண்ட இவர்கள் தங்களைப் பிரவுனிகள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். பலருக்கு அங்கே சொந்தக்காரர் எவரும் இல்லை.

அவர்கள் கல்லை வாசிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். மேலே பூர்வீக ஊர், நடுவில் இறந்தவர் பெயர், ஓரங்களில் மகன்கள், மருமகள்கள், பேரர்கள். ஆண்டு பெரும்பாலும் சீனக் குடியரசுக் கணக்கில் இருக்கும். 15 என்றிருந்தால் 1911ஐக் கூட்டி 1926 என்று கொள்ள வேண்டும். சில கற்களில் 2602 என்றிருக்கும். அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக்கணக்கு, அதாவது 1942. சிங்கப்பூர் யார் கையில் இருந்தது என்பதை அந்த நான்கு இலக்கமே சொல்லிவிடுகிறது. கல்லில் படித்த பெயரை, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அடக்கப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் வயதும் மனை எண்ணும் கிடைக்கும். பழைய செய்தித்தாளில் மரண அறிவிப்பும் அகப்பட்டால் ஒரு வாழ்க்கையின் உருவம் கொஞ்சம் தெளியும். ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த பூன் லேயும், சாலைக்குப் பெயர் தந்த ஜூ சியாட்டும் படுத்திருப்பது இங்கேதான் என்பதைப் பலர் இவர்கள் வழியாகவே அறிந்தார்கள். சில கல்லறைகளின் முன்னால் தலைப்பாகையோடு சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. உயிரோடிருந்தபோது வாசலில் நின்ற காவலரைச் செத்த பிறகும் விடமாட்டேன் என்ற அந்தச் செல்வச் செருக்கு எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.

2013இன் இறுதியில் தோண்டும் வேலை தொடங்கியது. உரிமை கோர ஆளில்லாத எச்சங்கள் எரியூட்டப்பட்டன. அந்தச் சாம்பலை மூன்றாண்டு வைத்திருந்து, அதன் பிறகும் யாரும் வராவிட்டால் கடலில் கரைப்பது என்று ஏற்பாடு. 2014ஆம் ஆண்டுக்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் இடுகாடு இடம்பெற்றது. ஆனாலும் சாலை நிற்கவில்லை. லோர்னி நெடுஞ்சாலை என்ற அது 2018 அக்டோபரில் ஒரு பகுதியாகவும் 2019 ஏப்ரலில் முழுவதுமாகவும் திறக்கப்பட்டது. பழைய இரும்பு வாயிற்கதவுகளைச் செப்பனிட்டு, புதிய நுழைவிடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அன்று கல்லறையை அறிந்தவர்கள் ஒரு குடும்பத்தார், அவர்களுக்குத் தங்கள் கல்லறை மட்டுமே தெரியும். இன்று அறிந்தவர்கள் அந்நியர்கள், அவர்களுக்கு நூற்றுக்கணக்கானோரின் கதை தெரியும். வார இறுதிகளில் அழைத்துச் சென்று இலவசமாகவே சொல்கிறார்கள். 2016இல் போர்க்காலப் புக்கிட் பிரவுன் பற்றி ஒரு நூலும் கொண்டுவந்தார்கள். அறிவு பெருகியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கத்தி தலைக்கு மேல் வந்த பிறகு பெருகிய அறிவு அது. 1973க்கும் 2011க்கும் இடையே போன 38 ஆண்டுகளில், கல்லில் பெயர் இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் உயிரோடிருந்தார்கள். அவர்களிடம் கேட்டிருக்கக்கூடியதை இப்போது பதிவேட்டில் தேட வேண்டியிருக்கிறது.

இது சீனர் கதை மட்டுமல்ல. சிங்கப்பூரிலேயே பிடாடரி இடுகாட்டில் கிறிஸ்தவர், முஸ்லிம்களோடு இந்துக்களுக்கும் தனிப் பகுதி இருந்தது. 1972இல் அது மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை கல்லறைகள் தோண்டியெடுக்கப்பட்டன. இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இறந்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் குடும்பத்திலும் இருக்கக்கூடும். அடக்கத்தின்போது எடுத்த படம் வீட்டில் கிடந்தால், அதில் நிற்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கேட்டு, பெயரையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள்.